மூன்றாவது பாட்டில் இருந்த பெண்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் ஒரு பயந்தாங்கொள்ளி. பல்லி மேலே விழுந்தால் தெருவே கேட்கிற மாதிரி கத்துவேன். கல்லூரி நாட்களில் நண்பர்களோடு பேய்ப்படத்துக்குப் போய், இடைவேளையில் வயிற்றுவலி என்று புளுகிவிட்டு வீட்டுக்கு ஓடி வந்தவன். அப்படிப்பட்டவன் ஒரு கேசட்டைக் கேட்டு ஏழு வருஷம் பயந்தேன். பயப்பட்டவன் தூக்கிப் போட்டிருக்க வேண்டாமா? போடவில்லை. பயந்துகொண்டே திரும்பத் திரும்பக் கேட்டேன்.

இங்கிலாந்துக்காரர்கள் நாலு பேர் சேர்ந்து செய்த இசைத்தொகுப்பு அது. கிதார் கிடையாது, வயலின் கிடையாது, எல்லாமே சிந்தசைசர். எந்திரம் அடிக்கிற தாளம். அதற்கு மேல் கிணற்றுக்குள்ளிருந்து பாடுகிற மாதிரி ஓர் ஆண்குரல். காதலைச் சொன்னாலும் இழவுச் சேதி சொல்வது போலத்தான் சொல்லும். பத்தொன்பது வயதில் எனக்கு அது போதுமானதாக இருந்தது. மயிலாப்பூரில் கடற்கரைப் பக்கத்துச் சந்து ஒன்றில், மாடியறையில், வாக்மேனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடினால் உலகமே இருண்டுபோய்விட்டது என்று ஒரு சந்தோஷம்.

மூன்றாவது பாட்டுதான் பிரச்சினை. அதில் பாதி வழியில் தாளம் நின்றுவிடும். அரை நிமிஷத்துக்கு அடித்தொண்டையில் ஒற்றை ஸ்வரம் மட்டும் இழுத்துக்கொண்டே போகும். அந்த இடத்தில் ஒரு பெண் வருவாள். பாடுகிறாளா அழுகிறாளா என்று தெரியாது. வார்த்தையும் புரியாது. சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ இருப்பது போல இருக்கும். குரல் மேலே ஏறும், நிற்கும், பிறகு மூன்று படி இறங்கும். அப்போது கூர்மையாக ஒரு சத்தம் எழுந்து, உச்சிக்குப் போய், சட்டென்று அறுந்துவிடும். அப்படி மூன்று தடவை. முதல் தடவை கேட்டபோது ஹெட்போனைப் பிடுங்கிப் போட்டுவிட்டுக் கீழே ஓடி அம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன். அம்மா பள்ளிக்கூட நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தாள். "என்னடா, மூஞ்சி வெளிறிக் கிடக்கு?" என்றாள். ஒன்றுமில்லை என்றேன்.

அந்தக் கேசட் எப்படி வந்தது என்று சொன்னால்தான் மற்றது விளங்கும்.

எங்கள் வீட்டில், ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு நாட்களான தபசு காலம் கண்டிப்பானது. சாம்பல் புதன் அன்று காலையில் நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு வந்ததும் அம்மா முதலில் செய்கிற காரியம், வீட்டிலுள்ள பாட்டுக் கேசட் எல்லாவற்றையும் வாரி ஒரு தகரப் பெட்டியில் போட்டுக் கட்டிலுக்கு அடியில் தள்ளுவது. இனி ஈஸ்டர் வரைக்கும், நாற்பது நாளைக்கு மேல், வீட்டில் பாட்டுக் கிடையாது. ரேடியோவும் டேப்பும் சேர்ந்த டூ-இன்-ஒன் மேல் ஒரு துணியைப் போர்த்திவிடுவாள். அப்பாவுக்குக் கிண்டியில் ஃபாக்டரி வேலை. அவர் செய்தி கேட்பதற்கு மட்டும் அந்தத் துணி விலகும்.

நான் கல்லூரியில் முதல் வருஷம் படித்தபோது, சரியாக அந்தத் தபசு காலத்தில், தி.நகரில் பாண்டி பஜார் பக்கம் மாடியிலிருந்த ஒரு ரெக்கார்டிங் சென்டரில் இந்த ஆல்பம் வந்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். அந்தக் கடைகளை இன்றைய பிள்ளைகளுக்கு விளக்க வேண்டும். வெளிநாட்டு இசைத்தட்டு ஒன்று அவர்களிடம் இருக்கும். நாம் காலிக் கேசட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தால் அதில் ஏற்றித் தருவார்கள். என்னிடம் காலிக் கேசட் இல்லை. அம்மா கடைத்தெருவுக்குப் போயிருந்த நேரத்தில் கட்டிலுக்கு அடியில் புகுந்து தகரப் பெட்டியைத் திறந்தேன். ஊத்திக்கொண்ட ஒரு படத்தின் பாட்டு உறை கண்ணில் பட்டது. அதை எங்கள் வீட்டில் யாரும் போட்டுக் கேட்டதாக நினைவே இல்லை. உள்ளே பெயர் ஒட்டாத ஒரு கேசட். போட்டுப் பார்த்திருக்கலாம். ஆனால் தபசு காலமாயிற்றே! பாட்டுச் சத்தம் கேட்டால் பக்கத்து வீட்டிலிருந்து அம்மாவுக்குத் தகவல் போய்விடும். போட்டுப் பார்க்காமலே எடுத்துக்கொண்டேன். பெட்டியில் இடம் காலியாகத் தெரியக்கூடாதே என்று வேறொரு சினிமாக் கேசட்டை அந்த உறைக்குள் செருகி வைத்தேன். அவ்வளவு புத்திசாலி நான்.

கடைக்காரர் கேசட்டைத் திருப்பிப் பார்த்தார். அதன் முதுகிலிருந்த பிளாஸ்டிக் பல்லை யாரோ உடைத்திருந்தார்கள். மேலே யாரும் எதையும் பதிந்துவிடக் கூடாது என்றால் அப்படித்தான் உடைப்பார்கள். அவர் அந்த ஓட்டையின் மேல் ஒரு துண்டு செல்லோடேப்பை ஒட்டினார். தன் டெக்கில் போட்டு, ஒரு காதில் மட்டும் ஹெட்போனை வைத்துக் கேட்டார்.

"தம்பி, இதுல ஏதோ கீதுப்பா. அழிச்சிடவா?"

"பழைய படப்பாட்டுதான். அழிச்சிடுங்க," என்றேன்.

அவர் கேட்டதும் நான் சொன்னதும் அவ்வளவுதான். ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது.

இனி அம்மாவைப் பற்றி. இயேசு இறந்த நாளான பெரிய வெள்ளியன்று பிற்பகல் மூன்று மணிக்கு எங்கள் பங்குக் கோயிலில் மாதா புலம்பலைப் பாடியது பதினைந்து வருஷமாக என் அம்மாதான். செத்த மகனை மடியில் கிடத்திக்கொண்டு தாய் அழுகிற பாட்டு. பக்கவாத்தியம் கிடையாது, அன்றைக்கு மணிகூட அடிக்க மாட்டார்கள். கோயில் முழுக்க ஜனம் முழங்காலில் இருக்க, அம்மா தனியாக நின்று பாடுவாள். நான் அந்தக் கேசட்டைப் பதிந்து மூன்று வருஷம் கழித்து அம்மாவுக்குக் கழுத்தில் கட்டி வந்தது. அறுவை செய்து எடுத்தார்கள். உயிர் பிழைத்தாள், குரல் போய்விட்டது. அதற்குப் பிறகு அம்மா பேசினால் காற்று மட்டும்தான் வரும். வகுப்பில் பிள்ளைகளை அடக்க ஸ்கேலால் மேஜையைத் தட்டுவாள்.

அவள் பாடியதை ஒரே ஒரு தடவை அப்பா வீட்டில் பதிந்து வைத்திருந்தார். அந்தக் கேசட் எங்கே என்று அம்மாவுக்கு மட்டும்தான் தெரியும். "யாராச்சும் வந்தா எடுத்துப் போட்டுக் காட்டுவீங்க, எனக்குக் கூச்சமா இருக்கும்," என்று எங்கோ ஒளித்து வைத்துவிட்டாள். குரல் போன பிறகும் எடுக்கவில்லை. அப்பா எத்தனையோ தடவை கேட்டார். "இருக்கட்டும், அது பத்திரமா இருக்கு," என்பாள்.

தொண்ணூறுகளின் கடைசியில், நான் வேலைக்குப் போக ஆரம்பித்துவிட்ட பிறகு, ஒரு தபசு காலத்தில் இரண்டு காரியம் நடந்தது. கோயிலில் பாடகர் குழுவை நடத்துகிற அக்கா ஒரு நாள் வீட்டுக்கு வந்தார். அம்மாவுக்குப் பிறகு புலம்பல் பாடிக்கொண்டிருந்த பெண் கல்யாணமாகி ஊர் மாறிப் போய்விட்டாள். "டீச்சர், உங்க பாட்டு டேப்புல இருக்குன்னு சொன்னாங்களே. இந்தப் பெரிய வெள்ளிக்கு மைக்குல அதையே போட்டுடலாமா?" என்றார். அம்மா மறுப்பாள் என்றுதான் நினைத்தேன்.  அவளோ, பெரிய வெள்ளிக்கு முந்தைய குருத்து ஞாயிறு அன்று எடுத்துத் தருகிறேன் என்று தலையாட்டினாள். அன்று மாலை முழுக்க அவள் முகம் எப்படி இருந்தது தெரியுமா? புதுச்சேலை வாங்கித் தருகிறேன் என்று சொன்ன மாதிரி இருந்தது.

அடுத்த வாரமே ஆபீசுக்குப் போன் வந்தது. அடையாறில் இருந்த என் கல்லூரித் தோழன். என் கேசட்டிலிருந்து ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொண்டு என்னைப் போலவே பயந்தவன் அவன் ஒருத்தன்தான். அவனுடைய மாமா வெளிநாட்டிலிருந்து வந்தபோது அந்த ஆல்பத்தின் புது சி.டி.யைக் கொண்டுவந்திருந்தார். பழைய பதிவைத் தூசு தட்டி, துலக்கி, ரீமாஸ்டர் செய்து மறுபடி வெளியிட்டிருந்தார்களாம்.

"மச்சி, அந்தப் பொண்ணு காணோம்டா," என்றான்.

"எந்தப் பொண்ணு?"

"மூணாவது பாட்டுல வருவாளே. சி.டி.ல அவ இல்லடா. நாலு தடவை போட்டுட்டேன்."

 ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவன் வீட்டில் போய் உட்கார்ந்தோம். வெளியே கொளுத்துகிற வெயில். காற்றுச் சத்தம் வேண்டாம் என்று ஃபேனையும் அணைத்துவிட்டான். சி.டி. ஓடியது. அடேயப்பா! ஏழு வருஷமாகப் போர்வைக்குள் கேட்டதை இப்போது போர்வையை விலக்கிக் கேட்கிற மாதிரி இருந்தது. பாடுகிறவன் உதடு ஈரமாவதுகூடக் கேட்டது. முதல் பாட்டு, இரண்டாவது பாட்டு, இருவரும் சிரித்துக்கொண்டுதான் இருந்தோம். மூன்றாவதில் தாளம் நின்றது. அந்த ஒற்றை ஸ்வரம் சுத்தமாக, தனியாக இழுத்துக்கொண்டு போனது. அவ்வளவுதான். யாரும் வரவில்லை. அந்தக் கூர்மையான சத்தமும் இல்லை. அரை நிமிஷம் கழித்துத் தாளம் மறுபடி தொடங்கியபோது இரண்டு பேரும் ஒரே நேரத்தில் குதித்தோம்.

"அப்போ நாம ஏழு வருஷமா கேட்டது யாருடா?" என்றான் தோழன்.

பட்டப்பகலில், வேர்க்க வேர்க்க, நான் சிலுவை போட்டுக்கொண்டேன். தபசு காலத்தில் திருட்டுத்தனமாகப் பதிந்து, தபசு காலத்தில் கேட்டவன் நான். ஆண்டவருக்குக் கோபம் வந்து எதையோ அதற்குள் அனுப்பிவிட்டார் என்றே நம்பினேன். சிரிக்காதீர்கள், அந்த நேரத்தில் நம்பினேன். தோழன் தன் பிரதியைக் காகிதத்தில் சுற்றி என் பையில் திணித்தான். "நீயே வெச்சிக்கோ. எங்க வீட்டுல இது வேணாம்," என்றான். என்னுடையதும் அவனுடையதுமாக இரண்டையும் நானே சுமந்துகொண்டு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் ஆபீசிலிருந்து நேரே பாண்டி பஜாருக்குப் போனேன். அதே மாடி, அதே ஆள், தலைக்கு மட்டும் சாயம் ஏறியிருந்தது. நான் விஷயத்தைச் சொன்னதும் அவர் வாய்விட்டுச் சிரித்தார்.

"இன்னா நைனா, பேயாவது பிசாசாவது! அழிக்கிற ஹெட்டு தேஞ்சிருந்தா பழசு முழுசா போவாது. அடியில கொஞ்சம் ஒட்டிக்கினு இருக்கும். அதான்."

என் கேசட்டைப் பெரிய ஸ்பீக்கரில் போட்டு எதையோ திருகினார். மூன்றாவது பாட்டு. தாளம் நின்றது. அந்தப் பெண் வந்தாள். இந்தத் தடவை இன்னும் கிட்டத்தில் வந்தாள். ஏறினாள், நின்றாள், மூன்று படி இறங்கினாள். அந்தச் சத்தம் எழுந்தது.

"இந்த சிந்தசைசர் சத்தம்?" என்றேன்.

"எது சிந்தசைசரு? குக்கரு நைனா அது! மூணு விசில் வருது பாரு. யார் ஊட்லயோ சமைச்சிக்கினே பாடிக்கினு கீறாங்க."

நான் அங்கிருந்த முக்காலியில் உட்கார்ந்துவிட்டேன். எங்கள் வீட்டுக் குக்கர் விசில் முடிவில் அறுந்துதான் போகும், ரப்பர் வளையம் தேய்ந்தது. அந்த மூன்று படி இறக்கத்துக்குக் கோயிலில் எத்தனை வருஷம் முழங்காலில் இருந்து காது கொடுத்திருக்கிறேன்! அம்மா. படப்பாட்டு உறைக்குள் தன் குரலை ஒளித்து வைத்தவள் அம்மா. அதைக் கொண்டுபோய் அழிக்கக் கொடுத்தவன் நான். பேய் இருந்திருந்தால் எவ்வளவோ தேவலை.

"முழுசா எடுக்க முடியுமா?" என்று கேட்டேன். என் குரலும் காற்றாகத்தான் வந்தது.

"போனது போனதுதாம்ப்பா. ஆனா நான் கேட்டிருப்பேனே? யாரா இருந்தாலும் கேட்டுட்டுத்தான் அழிப்பேன்."

"கேட்டீங்க," என்றேன்.

குருத்து ஞாயிறுக்கு ஆறு நாள் இருந்தது. அந்த ஆறு நாளும் நான் பட்ட பாடு சொல்லி முடியாது. சோறு இறங்கவில்லை. ஏனென்றால் ஒன்று எனக்குத் தெளிவாகத் தெரிந்தது: அம்மா அந்தக் கேசட்டைப் போட்டுப் பார்க்க மாட்டாள். தபசு காலம் அல்லவா, வீட்டில் பாட்டுச் சத்தம் கூடாது. உறையோடு அப்படியே எடுத்துக் கொடுத்துவிடுவாள். பெரிய வெள்ளி, மூன்று மணி, சிலுவையைச் சுற்றி ஆயிரம் பேர் முழங்காலில் இருக்கிறார்கள். அக்கா பொத்தானை அழுத்துகிறார். ஸ்பீக்கரில் நான் செருகி வைத்த டூயட் அலறுகிறது! அம்மா முதல் வரிசையில் இருக்கிறாள்.  பெட்டியையே தூக்கிப் போய்க் கடலில் போட்டுவிடலாமா என்றுகூட யோசித்தேன். கடைக்காரர் கெடுத்துவிட்டார் என்று சொல்லலாமா என்றும் யோசித்தேன். அதைத்தான் அதிக நேரம் யோசித்தேன்.

குருத்து ஞாயிறு பூசை முடிந்து, ஓலையைச் சிலுவை போல மடித்துக் கதவில் செருகிவிட்டு, அம்மா கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுத்தாள். அக்கா பத்து மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். அம்மா தேடவே இல்லை. கையை விட்டதும் அந்த உறை வந்துவிட்டது. முந்தானையால் அதைத் துடைத்தாள்.

"அம்மா, அதுல உன் பாட்டு இல்லம்மா," என்றேன்.

நிமிர்ந்து பார்த்தாள். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். முன்னுக்குப் பின் மாற்றி, மூக்கை உறிஞ்சி, சி.டி., குக்கர், செல்லோடேப் எல்லாம் சொன்னேன். அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அழிக்கச் சொன்னது யாரு? அவனா, நீயா?"

 "அவர் கேட்டாரும்மா. நான்தான் அழிச்சிடுங்கன்னேன்."

அம்மா உறையைக் கட்டில்மேல் வைத்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும், அறைந்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும். கையை நீட்டினாள். என் கேசட்டைக் கொடுத்தேன்.

"போடு," என்றாள்.

"தபசு காலம்மா."

"போடுறா."

துணியை விலக்கி டூ-இன்-ஒன்னில் போட்டேன். அந்த இங்கிலாந்துக்காரன் கிணற்றுக்குள்ளிருந்து பாட ஆரம்பித்தான். அம்மா முகத்தைச் சுளித்தாள். "இவன் எப்போ நிறுத்துவான்?" என்று காற்றாகக் கேட்டாள். மூன்றாவது பாட்டு வந்தது. தாளம் நின்றது. அடியிலிருந்து அந்தக் குரல் எழுந்தது. அம்மாவின் வலது கை தானாக மேலே போனது, பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுக்கும்போது போவது போல. உதடு அசைந்தது. எனக்கு ஏழு வருஷமாகப் புரியாத வார்த்தைகளை அவள் உதடு வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனது, சத்தமில்லாமல். விசில் வந்தபோது அடுப்பங்கரைப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள்.

முடிந்ததும் திரும்பச் சுற்றச் சொன்னாள். மூன்று தடவை கேட்டாள்.

"இதுக்கா பயந்த?"

"ஏழு வருஷமாம்மா. ரொம்ப."

"அத்தனை வருஷம் கோயில்ல பாடினேன். எல்லாரும் நல்லாருக்கு டீச்சர், இனிமையா இருக்கு டீச்சர்னுதான் சொன்னாங்க. ஒருத்தரும் பயந்தேன்னு சொன்னதில்ல." மூச்சு வாங்கினாள். அவ்வளவு நீளமாகப் பேசி வெகுநாள் ஆகியிருந்தது. "பெத்த புள்ளையைப் பறிகொடுத்தவ அழுவுறாடா. அதைக் கேட்டா பயம் வரணும்."

வாசலில் அக்கா வந்து நின்று கூப்பிட்டார். அம்மா எழுந்து போய், டேப் கெட்டுப்போய்விட்டது, பழசு, பூசணம் பிடித்துவிட்டது என்று சைகையும் காற்றுமாகச் சொல்லி அனுப்பினாள். குருத்து ஞாயிறும் அதுவுமாக என் அம்மா எனக்காகப் பொய் சொன்னாள். அந்த வருஷம் மூன்று மணிக்கு எங்கள் கோயிலில் யாரும் பாடவில்லை.

திரும்பி வந்து என் எதிரில் உட்கார்ந்தாள். கேசட்டை எடுத்துத் திருப்பினாள். அதன் முதுகில் கடைக்காரர் ஒட்டிய செல்லோடேப் மஞ்சளாகிப் போய் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. அம்மா அதை நகத்தால் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டினாள். பிசுக்கு விடாமல், முந்தானை நுனியை ஈரமாக்கித் துடைத்து, அந்த ஓட்டை பளிச்சென்று தெரிகிற வரைக்கும் சுரண்டினாள். பிறகு படப்பாட்டு உறைக்குள் அதை வைத்து மூடிப் பெட்டியில் போட்டு, பெட்டியைக் காலால் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள்.